முழங்கை மடங்காமல்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துவிட்டதால் அன்று. ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே சுட்டிக்காட்டுவதை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை; குற்றம் சொல்வதற்காக மட்டுமல்ல, பாராட்டுவதற்காகச் சுட்டினாலும் அவருக்குப் பிடிக்காது. பணி ஓய்வு நாளில் பள்ளி மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது, காவலாளி முதல் தாளாளர் வரை எல்லோரையும் மேலே அழைத்து, அந்த ஒற்றைப் பொன்னாடையின் ஓரத்தை ஆளுக்கொரு விரலால் பிடிக்கச் செய்து படம் எடுக்கவைத்தாராம். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் அவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு நேரெதிர் வீடு அவருடையது. மதுரையின் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். தெரு முழுவதும் அவரை டீச்சர் என்றே அழைத்தது. புடவைக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ அணிவார். கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. அதற்கு மேல் கறுப்பு நாடாவில் ஒரு விசிலும் ஒரு ஸ்டாப்வாட்சும். ஓய்வு பெற்ற பின்னரும் அவர் அவற்றைக் கழற்றவில்லை. விசிலை அவர் ஊதி நான் கேட்டதில்லை. உதட்டருகே கொண்டுபோவார், அதற்குள் எதிரே இருப்பவர் செய்யவேண்டியதைச் செய்து முடித்திருப்பார்.

நான் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவும், கடைசி ஆறாண்டுகள் முதல்வராகவும் இருந்தவன். என்னை அறிந்தவர்கள் இதைப் படிக்கையில் சில இடங்களில் புருவம் உயர்த்தக்கூடும். ஆயினும் நடந்ததை நடந்தபடி எழுதுவது தவிர அவருக்கு நான் செய்யத்தக்க மரியாதை வேறில்லை.

அவருடைய வழக்கம் எனக்கு முதன்முதலில் புலப்பட்டது ஒரு குப்பைப் பையின் வாயிலாக. வாரத்தில் இரண்டு மூன்று நாள் யாரோ அவர் வீட்டுக் கேட்டின் ஓரத்தில் குப்பை கட்டிய பையை வைத்துவிட்டுப் போனார்கள். வேறொருவராயிருந்தால் கேமரா மாட்டியிருப்பார். குறைந்தபட்சம் தெருவில் நின்று பொதுவாகத் திட்டியிருப்பார். இவர் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தெருவின் எட்டு வீடுகளிலும் மணி அடித்தார். எட்டாவது வீடு பூட்டிக் கிடந்தது, அங்கும் அடித்தார். வெளியே வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு விளக்குமாறு கொடுக்கப்பட்டது. என் வீட்டுக் குப்பை மாநகராட்சி வண்டியில்தான் போகிறது என்பதைத் தக்க சொற்களில் எடுத்துரைத்தேன்.

"நீங்க போடலைன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார். "போட்டவங்க தனியா நின்னு பெருக்குனா பாக்க நல்லாவா இருக்கும்? அதான் எல்லாரும்."

அரை மணி நேரம் தெருவைப் பெருக்கினோம். அதன் பிறகு பை வரவில்லை. யார் வைத்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஏனெனில் பெருக்கும்போது ஒருவருக்கு மட்டும் வேப்பமர நிழல் விழும் பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார்.

என் மகள் அவரிடம் படித்தவள். அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது யாரோ ஒரு மாணவி விளையாட்டுப் பொருள் அறையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டாள். யாரென்று டீச்சர் கேட்கவில்லை. நாற்பது பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். நான்கு சுற்று முடிந்ததும் ஒரே வரிசையாக நிறுத்தி, 'அபௌட் டர்ன்' சொல்லி, எல்லோரையும் மதில் சுவரைப் பார்க்கத் திருப்பினார். முதுகுப் பக்கம் நின்றுகொண்டு, செய்தவள் கையைத் தூக்கலாம், யாரும் பக்கத்தில் பார்க்கக் கூடாது, கை கீழே இறங்கியதும் இந்தப் பேச்சு முடிந்தது என்றாராம். சிறிது நேரம் கழித்து, "சரி. எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு கிளாஸுக்குப் போங்க," என்று மட்டும் சொன்னாராம். கை தூக்கியது யார் என்று என் மகளுக்கு இன்றுவரை தெரியாது. அவள்தானோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. கேட்டதில்லை.

அந்த மகள்தான் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்குப் பெங்களூரில் வேலை. சம்பந்தி சோழவந்தானுக்கு அப்பால் நெல்லும் வாழையும் பயிரிடுபவர். மனைவியை இழந்து தனியே இருப்பவர். பிறந்த பெண் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது; ஐந்தாம் மாதத்தில் அவளையும் தாயையும் அழைத்துப்போய்ச் சில வாரம் தம் வீட்டில் வைத்திருப்பதாக ஏற்பாடு. அதற்காக வீட்டுக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி, மாட்டுக்கொட்டிலைக்கூட வீட்டைவிட்டுத் தள்ளிக் கட்டியிருந்தார். கொட்டிலைப் பற்றி நான் முன்பொருமுறை ஒரு கருத்துச் சொல்லியிருந்தேன்.

அவர் குழந்தையைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்குவதற்கு முன் கை கழுவச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், சோப்பு எவ்வாறு அழுக்கைப் பிரித்தெடுக்கிறது என்பதைக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, முழங்கைவரை கழுவி, நிறைகுடத்தை ஏந்துவதுபோல் பேத்தியை ஏந்திக்கொண்டார். இடையில் ஓரிரு முறை துண்டால் மூக்கைத் துடைத்தார். அறுப்புத் தூசி என்றார். என் மனைவி அதை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் அவர் சென்ற பிறகு நடந்ததை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. முந்திய நாள் எனக்கு ஒரு பாராட்டு விழா. குளிரூட்டிய அரங்கம், முடிவில் ஐஸ்கிரீம். தொண்டையில் அரிப்பு தொடங்கியிருந்தது. என் மனைவியும் மகளும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். தொட்டிலில் குழந்தை விழித்துக் கிடந்தாள். ஊர் அறிந்தவரையில் நான் குழந்தைகளைக் கொஞ்சுகிறவன் அல்லன். அன்று கூடத்தில் ஆள் இல்லை. அவளைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து, ஆட்டுக்குட்டியைப் போல் கத்திக் காட்டினேன். சிரித்தாள். மீண்டும் கத்தினேன். நான்காம் முறை கத்த வாயைத் திறந்தபோது கத்தல் வரவில்லை; தும்மல் வந்தது. முழுவதும் அவள் முகத்தின் மேல்.

வேட்டி நுனியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர்வீட்டு மாடியில் டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் எங்கள் ஜன்னலைப் பார்த்திருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் குழாய் ஒரே பூந்தொட்டியில் நின்றிருந்தது. அந்தத் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை குழந்தைக்கு மூக்கு அடைத்தது. பால் குடிக்க வாய் வைப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவாள். மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, சாதாரண சளிதான் என்றார். மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்து, அடிக்கடி தாய்ப்பால், வேறெதுவும் வேண்டாம். தைலம், புகை, கைமருந்து எதுவும் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, மூச்சு வேகமானாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள் என்றார். ஒரு டானிக்கூட எழுதிக் கொடுக்காததில் என் மனைவிக்கு மனக்குறை.

வீடு திரும்பும் ஆட்டோவிலேயே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "உங்க சம்பந்தி தூக்குனதுக்கு அப்புறந்தான வந்துச்சு. நெல்லுத் தூசி, மாட்டுச் சாணி அம்புட்டையும் தொட்டுட்டு வாராரு. அந்த வீட்டுக்குப் பச்சப்புள்ளைய எப்படி அனுப்புறது? கோடை கழியட்டும்."

மறுத்திருக்க வேண்டும். "இருக்கக்கூடும்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களுள் திரும்பப் பெற விரும்பும் சொல் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை. மகள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். குழந்தையைப் பார்ப்பதற்கு முன் எங்களைக் கூடத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கைகளை நீட்டச் சொன்னார். உள்ளங்கை, பிறகு புறங்கை. கல்லூரி முதல்வராக இருந்தவன் நகம் காட்டி நின்றேன். அதன்பின் விதிகளை அறிவித்தார். ஒவ்வொருவரும் இருபது எண்ணும்வரை கை கழுவவேண்டும்; எண்ணுவது அவர். எல்லோரும் முகக்கவசம் அணியவேண்டும். தாயைத் தவிர வீட்டில் மற்றவர்கள் தொட்டிலிலிருந்து இரண்டு கை நீட்டும் தொலைவுக்கு அப்பால் நிற்கவேண்டும். எனக்கு எதற்கு இவையெல்லாம் என்று கேட்டேன்.

"உங்களுக்கு மட்டும் வேணாம்னா, வேணும்கிறவங்க யாருன்னு தெரிஞ்சு போயிரும் சார்," என்றார்.

அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. விழா ஒன்றில் எனக்கு அளித்த, சுவரில் மாட்டியிருந்த வாழ்த்து மடலைப் பார்த்தன. கண்ணாடிச் சட்டமிட்ட பெரிய மடல் அது.

செய்தி பரவியதும் தெரு முழுவதிலுமிருந்து மருந்துகள் வரத் தொடங்கின. ஒரு வீட்டிலிருந்து ஓமவல்லிச் சாறு. ஒரு வீட்டிலிருந்து மார்பில் தடவ யூகலிப்டஸ் தைலம். மூக்கில் ஊதவேண்டும் என்று காகிதத்தில் மடித்த ஏதோ ஒரு பொடி. டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் நன்றியோடு பெற்றுக்கொண்டார். கொண்டுவந்த ஒருவருடைய மனமும் நோகவில்லை. மருத்துவர் சொன்னபடி குழந்தையிடம் ஒன்றும் போகவும் இல்லை. எல்லாவற்றையும் அவர் பெரியவர்களுக்குக் கொடுத்தார். என் மனைவிக்கும் எனக்கும் காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் ஓமவல்லிச் சாறு, மதியம் தூதுவளை ரசம், மாலையில் நெற்றியிலும் மூக்கின் மேலும் தைலம். தயிர் நிறுத்தப்பட்டது. பொடியை மட்டும் வேப்பமரத்தடியில் கொட்டினார்.

மூக்கில் ஒரு குறையும் இல்லாத என் மனைவி தைலம் பளபளக்கும் நெற்றியோடு பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்த காட்சியை நான் மறக்கவில்லை. "சளி யாருக்கும்மா?" என்று அவர் கேட்டார். "புள்ளைக்கு," என்றாள்.

உண்மையில் அந்த வீட்டில் குழந்தைக்கு அடுத்தபடியாகச் சளி பிடித்திருந்தது எனக்கு. அதை மறைப்பதற்கு நான் பட்ட பாடு தனி. தும்மல் வரும்போதெல்லாம் புத்தக அறைக்கு விரைந்து, தடித்த ஒரு நூலை விரித்து முகத்தை அதனுள் வைத்துக்கொள்வேன். கேட்டால் பழைய நூல்களின் தூசி. இரண்டாம் நாள் டீச்சர் புதிய விதியொன்றைச் சேர்த்தார். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எல்லோரும் மொட்டைமாடிக்கு வந்து மூக்குச் சிந்தவேண்டும். தேவை இருக்கிறதோ இல்லையோ, சிந்தவேண்டும். "ரெடி," என்பார். கைக்குட்டையை எடுப்போம். "ஒன்," என்பார். சிந்துவோம். "டூ." மற்றொரு நாசி. பக்கத்து மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவர்கள் அப்படியே நின்று பார்ப்பார்கள். என் மனைவி வறண்ட மூக்கோடு முயன்று தோற்று, "வரலையே டீச்சர்," என்பாள். "முயற்சி பண்ணுங்கக்கா, சத்தம் வந்தாப் போதும்," என்று பதில் வரும். அந்தக் கூட்டுச் சத்தத்தினுள் என் சத்தம் தனியே தெரியவில்லை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

பிற்பகலில் குழந்தை தூங்கும்போது டீச்சர் தொட்டிலருகே மண்டியிடுவார். முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள், கையில் ஸ்டாப்வாட்ச். குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி விரலால் தரையில் தட்டி எண்ணுவார். அந்த ஒரு நிமிடம் வீட்டில் யாரும் அசைவதில்லை, மிக்சி நிறுத்தப்படும். எண்ணி முடித்து, ஓட்டப்பந்தய முடிவை அறிவிப்பதுபோல், "நாப்பத்தி நாலு. நேத்து நாப்பத்தி ஏழு," என்பார். அதைச் சிலேட்டில் எழுதிக் கதவில் மாட்டுவார். அவர் அறிவிக்கும் வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புத்தக அறை வாசலில் நிற்பேன். ஒருநாள் அவர் எண்ணி முடித்தபின் என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க சார், சரியாயிரும்," என்றார். குழந்தையின் பாட்டனிடம் சொல்லக்கூடிய சாதாரணச் சொற்கள்தாம். ஆனால் என் மனைவியிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மருத்துவர் மீண்டும் பார்த்து, மார்பு தெளிவாயிருக்கிறது, இன்னும் சில நாளில் மூக்கும் சரியாகிவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தி வந்தார். அழைத்துப்போகும் நாளைக் குறிக்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். டீச்சர் வாசலிலேயே முகக்கவசம் கொடுத்தார். அவர் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் உள்ளறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி அந்த அறைக்கதவையே பார்த்தார். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை.

"தொட்டிலுக்கு மஞ்சச் சேலை எடுத்து வச்சிருக்கேன் தங்கச்சி," என்று என் மனைவியிடம் சொன்னார். "மருமகளோட மாமியா சேலைதான். மெத்துன்னு இருக்கும். என்னைக்கு வரட்டும்னு சொன்னா வண்டி எடுத்துட்டு வாரேன்."

என் மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இம்புட்டுச் சளியோட எப்படிண்ணே அனுப்ப? மொதல்ல எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியணும்ல. நல்லா இருந்த புள்ள. போன ஞாயித்துக்கிழமைக்கு அப்புறந்தான் இப்படி."

சம்பந்திக்குப் புரிந்துவிட்டது. தம் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நான் அன்று சோப்பைப் பற்றிச் சொன்னவை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "கழுவிட்டுத்தான தூக்குனேன்," என்றார் மெதுவாக, யாரிடமும் அல்லாமல்.

நான் பேசவேண்டிய இடம் அது. முகக்கவசத்தை மூக்கின் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

டீச்சர் விசிலை உதட்டருகே கொண்டுபோனார். "எல்லாரும் எந்திரிங்க," என்றார்.

எழுந்தோம். மூவரையும் கூடத்தின் நடுவில் வரிசையாக நிறுத்தினார். சம்பந்தி, நான், என் மனைவி. "அபௌட் டர்ன்." சம்பந்திக்கு அந்தச் சொல் பழக்கமில்லை; நான் திரும்புவதைப் பார்த்து அவரும் திரும்பினார். இப்போது மூவரும் சுவரைப் பார்த்து நின்றோம். என் மனைவிக்கு எதிரே நாட்காட்டி. சம்பந்திக்கும் எனக்கும் எதிரே வாழ்த்து மடல்.

"புள்ளைக்குச் சளி ஒட்டுனது என்னாலதான்னு நினைக்கிறவங்க கையைத் தூக்கலாம்," என்று முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது. "பக்கத்துல யாரும் பாக்கக் கூடாது. கை இறங்குனதும் இந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. டாக்டர் சரின்னதும் புள்ள போகும், தேதிய அண்ணன் சொல்லட்டும். சரியா அக்கா?"

என் மனைவி நாட்காட்டியிடம், "சரி டீச்சர்," என்றாள்.

நான் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்த்து மடலின் கண்ணாடியில், என் பெயருக்கு முன்னால் அச்சிட்டிருந்த அடைமொழிகளின் மேல், ஒரு கை உயர்வது தெரிந்தது. உழுது காய்த்த கை. கூச்சத்தோடு தோள்வரை வந்து நின்றது. செய்யாத ஒன்றுக்காக அந்த மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பேத்தியை அழைத்துப்போக அதுதான் வழி என்றால் அதையும் செய்துவிடலாம் என்பதுபோல் நின்றார்.

நாற்பது ஆண்டுகள் மாணவர்களைக் கை தூக்கச் சொல்லிப் பழகியவன் நான். நானே தூக்கியதாக நினைவில்லை. என் கை எவ்வளவு கனமாயிருந்தது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. காதுவரை கொண்டுவந்தேன்.

"முழங்கை மடங்குது சார்," என்றார் டீச்சர். "நேராத் தூக்குங்க."

என் மனைவி அதைக் கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை; அந்த ஒன்றுக்காக அவளை நான் இன்றுவரை மதிக்கிறேன். கையை முழுவதும் தூக்கினேன்.

நெடுநேரம் போலிருந்தது, ஸ்டாப்வாட்சில் சில நொடிகளாகத்தான் இருந்திருக்கும். பிறகு, "இறக்குங்க. எல்லாரும் போய்க் கை கழுவுங்க," என்றார்.

அவர் இப்போது எதிர்வீட்டில் இல்லை. தங்கை மகளோடு திண்டுக்கல்லுக்குப் போய்ச் சில ஆண்டுகளாகின்றன. போகும்போது எட்டு வீட்டு வாசலிலும் ஆளுக்கொரு பூந்தொட்டி வைத்துவிட்டுப் போனார். பூட்டிய வீட்டு வாசலிலும் ஒன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே செடி. எங்கள் வாசலில் இருப்பது அன்று நிரம்பி வழிந்த தொட்டி என்று நான் நம்புகிறேன். எட்டும் ஒன்றுபோல் இருப்பதால் உறுதிப்படுத்த வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் சம்பந்தியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் வழக்கம்போல் முழங்கைவரை சோப்பைத் தேய்த்தார். கூடத்திலிருந்து டீச்சர் எண்ணுவது கேட்டது. சம்பந்தி என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"சம்பந்தி, அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கொஞ்சம் தொடச்சு வைங்க. ஒரே தூசி. நேரா நின்னு பாத்தும் எனக்கு ஒண்ணும் தெரியல."

அவர் வருகிறார் என்பதற்காக அதை நான் அன்று காலையில்தான் துடைத்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது:

"பதினேழுதான் ஆச்சு. ரெண்டு பேரும் இன்னும் தேய்க்கணும்."